நடு எங்கே இருக்கு?

அக்கா பையன் ஒன்பதாங்கிளாஸ். போன வாரம் கணக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான்.

"மாமா, கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடுன்னு மூணு இருக்கு. எல்லாமே நடுவைத்தான் சொல்லுதுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்ப ஒண்ணு போதாதா? எதுக்கு மூணு?"

"பரீட்சையில எத்தனை மார்க்குடா?"

"அஞ்சு."

"அப்ப மூணையும் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாமாக்களின் வேலையே அதுதானே :-)

ஆனால் ராத்திரி படுத்த பிறகு கேள்வி போகவில்லை. நியாயமான கேள்வி. நான் படிக்கும்போது எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரிந்ததே ரொம்ப வருஷம் கழித்து, ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை. கணக்குப் புத்தகம் கதையை விட்டுவிட்டு சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்பது என் கட்சி.

மறந்துபோனவர்களுக்காக ஒரு நிமிஷம். எல்லாத்தையும் கூட்டி, எத்தனை பேரோ அத்தனையால் வகுத்தால் கூட்டுச் சராசரி. சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக நிற்கவைத்து, நட்டநடுவில் நிற்கிறவனைப் பிடித்தால் இடைநிலை. எந்த எண் அதிக தடவை வருகிறதோ அது முகடு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு மீன், மீடியன், மோடு. (மீன் என்றதும் எங்கள் வகுப்பில் அயிரையா நெத்திலியா என்று ஒருத்தன் கேட்டு பெஞ்ச் மேல் ஏறி நின்றது தனிக்கதை.) இலங்கைப் பாடப் புத்தகத்தில் இதே மூன்றும் இடை, இடையம், ஆகாரம். நம்ம பெயர்களைவிட அது கச்சிதம் என்று எனக்குத் தோன்றும்.

இந்த மூன்றில் எனக்குத் தெரிந்து மிகப் பழைய கதை முகட்டுக்குத்தான் இருக்கிறது. அதுவும் உயிர் போகிற கதை.

கி.மு. 428, குளிர்காலம். கிரேக்க நாட்டில் பிளாட்டியா என்று ஒரு சின்ன ஊர். ஏதென்ஸுக்கு நண்பன். அதனாலேயே ஸ்பார்ட்டாக்காரர்களும் பக்கத்து ஊர் தீப்ஸ்காரர்களும் சேர்ந்து ஊரைச் சுற்றிவளைத்து, ஊரைச் சுற்றி ஒரு மதில் கட்டி உள்ளே இருப்பவர்களை அடைத்துவிட்டார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது. ஏதென்ஸிலிருந்து உதவி வருகிற மாதிரி தெரியவில்லை. சரி, மதிலேறிக் குதித்து ஓடிவிடலாம் என்று ஒரு திட்டம். அதற்கு ஏணி வேண்டும். ஏணி குட்டையாக இருந்தால் மேலே எட்டாது. நெட்டையாக இருந்தால் மதிலுக்கு மேலே நீட்டிக்கொண்டு காவல்காரன் கண்ணில் படும். எதிரியின் மதிலை டேப் வைத்து அளக்கவா முடியும்?

மதிலில் ஒரு இடத்தில் பூச்சு இல்லாமல் செங்கல் வரிசை தெரிந்தது. தூரமும் அதிகமில்லை. ஒரே நேரத்தில் நிறைய பேரை விட்டு வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப எண்ணச் சொன்னார்கள். சிலர் தப்பாக எண்ணுவார்கள், ஆனால் அதிகம் பேர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு செங்கல்லின் கனத்தை மதித்து, எண்ணிக்கையால் பெருக்கி, ஏணி செய்தார்கள். இதை எழுதி வைத்தவர் துசிடிடிஸ், அந்தப் போரின் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்று ஆசிரியர்.

கவனியுங்கள், அவர்கள் கூட்டி வகுக்கவில்லை. கூட்டி வகுத்திருந்தால் கண் சரியில்லாத நாலு பேர் சொன்ன எண்ணும் ஏணிக்குள் வந்திருக்கும். செங்கல் வரிசை முழு எண். ஒருத்தன் சரியாக எண்ணுவான், அல்லது தப்பாக எண்ணுவான். அப்படிப்பட்ட இடத்தில் அதிகம் பேர் சொன்னதை எடுப்பதுதான் புத்தி. ஏணி எட்டியது. புயலும் மழையும் அடித்த, நிலாவில்லாத ஒரு ராத்திரியில் 212 பேர் தப்பித்து ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் அடுத்த கோடையில் சரணடைந்தார்கள். அவர்களில் 200 பேருக்குக் குறையாத பிளாட்டியர்களையும் 25 ஏதென்ஸ்காரர்களையும் கொன்றார்கள்.

அதுக்குப் பெயர் வைக்க மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆனது. மோடு என்ற பெயரை 1895-ல் கார்ல் பியர்சன் வைத்தார்.

அடுத்து கூட்டி வகுக்கிற ஆள். நம்ம பக்கத்தில் இதற்கு நல்ல பழைய சாட்சி இருக்கிறது. பாஸ்கராச்சாரியார் சுமார் 1150-ல் எழுதிய லீலாவதியில் பள்ளம் தோண்டுகிற கணக்கு வரும். பள்ளத்தின் ஓரம் கோணல்மாணல். நீளம் மூன்று இடத்தில் அளந்தால் 10, 11, 12 முழம். அகலம் 6, 5, 7. ஆழம் 2, 4, 3. ஒவ்வொன்றையும் கூட்டி இடங்களின் எண்ணிக்கையால் வகு என்கிறார். 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். அவ்வளவுதான், கொத்தனாருக்குக் கூலி கொடுத்துவிடலாம். எத்தனைக்கெத்தனை அதிக இடத்தில் அளக்கிறோமோ அத்தனைக்கத்தனை துல்லியம் கூடும் என்று பதினாறாம் நூற்றாண்டில் லீலாவதிக்கு உரை எழுதிய கணேசர் சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவில் வானியல்காரர்கள் இந்த விஷயத்தில் இன்னும் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஏன் தயக்கம்? நல்ல கேள்வி. பத்து தடவை ஒரு நட்சத்திரத்தை அளக்கிறீர்கள். ஒன்பது தடவை மேகம், குளிர், கைநடுக்கம். ஒரு தடவை வானம் பளிச். அந்த ஒன்றை வைத்துக்கொள்வீர்களா, அல்லது நல்லதையும் கெட்டதையும் ஒரே பானையில் போட்டுக் கலக்குவீர்களா? சாம்பாரில் ஒரு கை உப்பு அதிகம் விழுந்தால் சாம்பார் முழுக்கக் கெட்டுப்போகும் என்கிற பயம். நியாயமான பயம்தான். 1755-ல் தாமஸ் சிம்ப்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய ஆட்களே கவனமாக எடுத்த ஒரே அளவு போதும் என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் குறிப்பிட்டு, அப்படியில்லை, பலதின் சராசரிதான் நம்பகமானது என்று கணக்குப் போட்டே காட்டினார். நெசவாளி மகன், தானே படித்து மேலே வந்தவர். தப்புகள் ஒரு பக்கம் கூடும், இன்னொரு பக்கம் குறையும், சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

ஆவரேஜ் என்ற சொல்லே வேறு இடத்திலிருந்து வந்தது தெரியுமோ? கப்பலிலிருந்து. சேதமான சரக்கைக் குறிக்கும் ஒரு அரபுச் சொல் இத்தாலிய வியாபாரிகள் வாயில் அவாரியா ஆகி, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போனது. புயலில் கப்பல் முழுகப் போகிறது. மாலுமி கொஞ்சம் சரக்கைக் கடலில் தள்ளி மீதியைக் காப்பாற்றுகிறான். தள்ளப்பட்ட மூட்டை உன்னுடையது, காப்பாற்றப்பட்டது என்னுடையது. நஷ்டம் உன் தலையில் மட்டும் விழுந்தால் அநியாயம் இல்லையா? அதனால் எல்லாரும் அவரவர் சரக்கின் மதிப்புக்கு ஏற்ப நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ரோமானியர்கள் காலத்திலேயே ரோட்ஸ் தீவின் கடல் சட்டம் என்று இதைச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் இன்னும் சாகவில்லை. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அதன் முதலாளிகள் அறிவித்தது இந்தப் பொது ஆவரேஜைத்தான். கப்பலில் பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் செலவில் பங்கு தர வேண்டியதாயிற்று.

நம்ம சராசரியும் வந்தேறிதான். உருது வழியாக வந்த பாரசீகச் சொல். மராத்தி, தெலுங்கு, கன்னடத்திலும் இதே சொல் உண்டு.

இதுவரைக்கும் சராசரி நல்ல பிள்ளை. பங்கு போடுகிறது, தப்பைக் குறைக்கிறது. அதை சாமியாக்கினவர் ஒருத்தர் உண்டு. அடால்ஃப் கெட்லே, பெல்ஜியத்துக்காரர், வானியல் ஆள். நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கை மனுஷனுக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். 1835-ல் சராசரி மனிதன் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு 5,738 ஸ்காட்லாந்து சிப்பாய்களின் மார்பளவை ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்துப் பார்த்தார். சுமார் 40 அங்குலத்தில் குவிந்து, இரண்டு பக்கமும் சரிந்து போனது. ஒரே சிப்பாயை 5,738 தடவை தப்புத்தப்பாக அளந்தால் எப்படி வருமோ அப்படி! கெட்லே என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? இயற்கை ஒரே ஒரு அச்சு மனிதனைச் செய்ய நினைக்கிறது, நீங்களும் நானும் அதில் ஏற்பட்ட பிழைகள். (என் தொப்பையைப் பார்க்கும்போது அவர் சொன்னது சரியோ என்றும் தோன்றும்.) சும்மா சொல்லவில்லை, டாக்டர்கள் இன்றைக்கும் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து நம்மைத் திட்டுகிறார்களே, அந்தக் கணக்கும் கெட்லே போட்டதுதான்.

நட்சத்திரம் ஒன்றுதான், அளவுகள் பல. அங்கே நடுவில் ஒரு நிஜம் இருக்கிறது. சிப்பாய்கள் 5,738 பேர். அங்கே நடுவில் யாரும் இல்லை. இந்த வித்தியாசத்தை கெட்லே தாண்டிக் குதித்துவிட்டார்.

அது எவ்வளவு பெரிய தாண்டல் என்று அமெரிக்க விமானப்படைக்கு 1950-ல் தெரிந்தது. சராசரி உடம்புக்கு அளவெடுத்து விமானி அறை செய்து வைத்திருந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி 4,063 விமானிகளின் அளவுகளில் பத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி இருக்கிறவன் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருத்தன்கூட இல்லை! கை நீளம் சராசரி என்றால் கால் குட்டை, கால் சரி என்றால் இடுப்பு பெரிசு. யாருக்கும் பொருந்தாத சட்டையை எல்லாருக்கும் தைத்து வைத்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் சீட்டை முன்னே பின்னே நகர்த்துகிற வசதியெல்லாம் கேட்டு வாங்கினார்கள்.

நடுவில் இருக்கிற இடைநிலைக்காரனை விட்டுவிட்டேன். அவன் தாமதமாக வந்தவன். அவனுக்காக வாதாடியவர் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். யூஜெனிக்ஸ் என்கிற, பின்னாளில் பல லட்சம் பேரை நாசம் செய்த கருத்துக்கும் இவர்தான் பெயர் வைத்தவர் என்பதை மறைத்துவிட்டு இவரைப் பாராட்ட முடியாது. ஆனால் இந்த மாட்டுக் கதை நல்ல கதை.

1906-ல் பிளிமத் ஊரில் கால்நடைக் கண்காட்சி. ஒரு கொழுத்த மாட்டை நிறுத்தி, அறுத்துச் சுத்தம் செய்தபிறகு எத்தனை பவுண்டு கறி தேறும் என்று போட்டி. ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கி எழுதிப்போட வேண்டும். கசாப்புக்காரரும் போட்டார்கள், குடியானவரும் போட்டார்கள், ஒன்றும் தெரியாதவரும் போட்டார்கள். கால்டனுக்கு அப்போது 84 வயது. படிக்க முடியாத 13 சீட்டை ஒதுக்கிவிட்டு 787 சீட்டையும் வரிசையாக அடுக்கினார். நட்டநடுவில் வந்தது 1,207 பவுண்டு. அவர் அச்சிட்ட கணக்குப்படி மாடு தேறியது 1,198. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. 1907 மார்ச்சில் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். மக்கள் ஓட்டுப் போடுவதை நம்பலாமா என்பதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி. எதிர்பார்த்ததைவிட நம்பலாம்போல இருக்கிறதே என்று முடித்தார்.

உடனே ஒரு வாசகர் எழுதினார், சார், கூட்டி வகுத்தால் என்ன வருகிறது? கால்டன் கணக்கைச் சொன்னார். 1,197! ஹி ஹி, இன்னும் கிட்டே. ஆனாலும் கால்டன் மசியவில்லை. ஒரு வாரம் முன்பே இன்னொரு கடிதத்தில் காரணத்தை எழுதியிருந்தார். நஷ்டஈடு எவ்வளவு என்று ஒரு ஜூரி முடிவு செய்கிறது என்று வையுங்கள். கூட்டி வகுத்தால், கிறுக்குத்தனமாகப் பெரிய தொகை சொல்கிற ஒருத்தன் அத்தனை பேரையும் தன் பக்கம் இழுத்துவிடுவான். எவ்வளவு கிறுக்கோ அவ்வளவு பலம் அவனுக்கு. நடுவில் நிற்கிறவனை எடுத்தால் பாதிப் பேருக்கு அது அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. அந்தக் கிறுக்கன் லட்சம் சொன்னாலும் கோடி சொன்னாலும் நடு நகராது.

நகராது என்பதுதான் இடைநிலையின் பலம். அதுதான் பலவீனமும். ஒரு ஓரத்தில் என்ன நடக்கிறது என்று அது வாயைத் திறக்கவே திறக்காது.

இப்போ ஆஸ்பத்திரி வராண்டா.

2014-ல் எங்கள் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்ததில் புற்றுநோய் என்றார்கள். பெரிய டாக்டர், நல்ல மனுஷன், அவசரக்காரர். "சராசரியா ஒரு வருஷம்" என்றார். அன்றைக்கே வீட்டில் எல்லாரும் காலண்டரில் அடுத்த வருஷத்து அதே தேதியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். அத்தை அழுகையை ஆரம்பித்தாள். பெரியப்பா வங்கிக் கணக்கையெல்லாம் பெரியம்மா பேருக்கு மாற்றச் சொல்லி ஃபாரம் கேட்டார். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

அப்போதுதான் ஸ்டீபன் ஜே கூல்ட் எழுதியதைத் தற்செயலாகப் படித்தேன். அமெரிக்க உயிரியல் ஆள், புதைபடிவ ஆராய்ச்சி செய்தவர். 1982 ஜூலையில், நாற்பது வயதில், அவருக்கு வயிற்றில் மீசோதீலியோமா என்ற அபூர்வமான புற்றுநோய். படிக்க ஏதாவது இருக்கா என்று டாக்டரைக் கேட்டால், படிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை என்றார்களாம். இவர் சும்மா இருப்பாரா? ஹார்வர்டு மருத்துவ நூலகத்துக்குப் போய்த் தேடினார். ஏன் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. இடைநிலை எட்டு மாதம்.

முதலில் அதிர்ச்சி. பிறகு கணக்குத் தெரிந்த மூளை வேலை செய்தது. இடைநிலை எட்டு மாதம் என்றால் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் போய்விட்டார்கள். சரி. மீதிப் பாதி? அவர்களைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லவில்லையே!

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், நானாகப் போட்டதுதான். 11 நோயாளிகள். அவர்கள் இருந்த மாதங்கள் 2, 3, 4, 5, 6, 8, 10, 14, 30, 70, 190. நடு ஆள் ஆறாவது ஆள், எட்டு மாதம். கூட்டினால் 342, பதினொன்றால் வகுத்தால் 31 மாதம். எட்டா, முப்பத்தொன்றா? இரண்டுமே சரி, இரண்டுமே சராசரி. எட்டு என்று கேட்டவன் எல்லாரும் எட்டில் போய்விடுவார்கள் என்று நினைப்பான். முப்பத்தொன்று என்று கேட்டவன் இரண்டரை வருஷம் நிச்சயம் என்று ஏமாறுவான், அதைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். இடது பக்கம் சுவர் இருக்கிறது, பூஜ்யத்துக்குக் கீழே யாரும் போக முடியாது. வலது பக்கம் வால் நீண்டுகொண்டே போகலாம். கூல்ட் தன் வயது, நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டது, கிடைக்கும் வைத்தியம் எல்லாவற்றையும் பார்த்து, தான் அந்த வால் பக்கம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று முடிவு செய்தார். 1985-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். இருபது வருஷம் இருந்தார். 2002 மே மாதம் இறந்தது வேறொரு புற்றுநோயில்.

எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. கூல்டும் சொல்லவில்லை. வால் என்றால் அதில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேட்டேன். "டாக்டர், நீங்க சொன்ன ஒரு வருஷம் பாதிப் பேர் கணக்கா, கூட்டி வகுத்த கணக்கா?" அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாதிப் பேர் கணக்கு" என்றார். பிறகு வெளியே இத்தனை பேர் காத்திருக்கும்போதும், மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு கோடு வரைந்தார். இடது பக்கம் செங்குத்தாக ஏறி, வலது பக்கம் சரிந்து சரிந்து, தாளின் ஓரம் வரைக்கும் போகிற கோடு. பெரியப்பா ரயில்வேயில் பார்சல் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"டேய், அப்ப இந்தக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் வண்டி போகுதா?"

"போகுது பெரியப்பா. டிக்கெட்டு யாருக்குன்னுதான் தெரியாது."

"தெரியாட்டி என்ன, வெயிட்டிங் லிஸ்ட்ல இருப்போம்" என்றார்.

இரண்டு வருஷம் ஐந்து மாதம் இருந்தார். அதில் கடைசி நாலு மாதம் ரொம்பக் கஷ்டம். முதல் ஒன்றரை வருஷம் தினம் காலையில் நடந்து போய் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுத்தான் வருவார். வங்கி ஃபாரம் ரொம்ப நாள் நிரப்பாமலே கிடந்தது.

அந்த மருந்துச் சீட்டு பெரியம்மா பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனை அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அஞ்சு மார்க் கேள்விக்கு அவன் வரைய வேண்டிய படமும் கிட்டத்தட்ட அதுதான்.